மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை

என் மருமகன் அஸ்மீர் சென்ற மாதம் வீட்டுக்கு ஒரு துவக்குக் கொண்டுவந்தார். களவாக வந்த துப்பாக்கி அல்ல. பயிர்ப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும் என்று விண்ணப்பித்து, பொலிஸுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் நடையாய் நடந்து, அனுமதிப்பத்திரத்தோடு முறையாக வாங்கியது. நாவிதன்வெளியில் அவருக்கு வயல் இருக்கிறது. கதிர் முற்றினால் யானை வரும். யானை வராத நாட்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போக ஆள் வரும். சென்ற போகத்தில் தடுக்கப் போன ஒரு வயல்காரரைக் கள்ளர்கள் அடித்துக் கையை முறித்துவிட்டார்கள். ஆகவே அவர் துவக்குக் கேட்டதில் நியாயமில்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வதுதான் வழக்கம். நானும் மனைவியும் அதே வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். என் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் அலுமாரி. துவக்கு அதற்குள்தான் இருக்கிறது. அது வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடும் சரியில்லை, நித்திரையும் சரியில்லை. அலுமாரிக் கதவு கிறீச்சிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

"என்ன வாப்பா இது? வாழ்க்கையில பாதிய துவக்கோட திரிஞ்ச ஆள், இப்ப இந்த ஒரு துவக்குக்குப் பயப்பிடுறீங்க" என்று மகள் சிரித்தாள்.

"திரிஞ்சதாலதான் மகள் பயம்" என்றேன். அவள் அதைப் பகிடி என்று நினைத்தாள்.

நான் ஊர்காவல் படையில் இருந்தவன். யுத்தம் தொடங்கி எங்கள் கரையோர ஊர்களுக்கு வயல் போக்குவரத்து ஆபத்தாகிப்போன காலத்தில் சேர்ந்தேன். பிறகு படையின் பெயர் மாறியது, உடை மாறியது, துவக்கின் வகை மாறியது. நான் மாறாமல் இருந்து ஓய்வுபெற்றேன். இப்போது துவக்குக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எது நல்ல துவக்கு, எவ்வளவு தூரம் பாயும், எந்தத் தோட்டா என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அவர்கள் யாரும் கேட்காத ஒன்று மட்டும் மனதில் கிடந்து அரிக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாடசாலை மைதானத்தில் ஓடவிட்டார்கள், தவழவிட்டார்கள், தகரப் பேணிகளைச் சுடவிட்டார்கள். ஆளுக்கொரு சொட் கன்னைத் தந்து அனுப்பிவிட்டார்கள். மிச்சமெல்லாம் எங்களுக்குப் பொறுப்பாக வந்த சார்ஜன்டிடம் கற்றதுதான்.

அவர் தென்பகுதிச் சிங்களவர். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். ஒரு பொலிஸ்காரர் குடை பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்து வருவதைப் பார்த்து முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிழை விட்டவனை அருகில் கூப்பிட்டு, தன் உடைந்த தமிழில் ஒரு கேள்வி கேட்பார். பிறகு பதிலுக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பை விட இரண்டு அடி போட்டிருக்கலாம் என்று தோன்றும்.

துவக்குக் கைமாறும்போது அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கொடுப்பவன் துவக்கை முறித்துத் திறக்க வேண்டும். குழலை வானத்துக்குப் பிடித்து ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு தோட்டா போடும் இடத்தில் சின்ன விரலை விட்டுத் தடவி, "வெறும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குபவன் அதையே திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒருநாள் நான் துவக்கை அவரிடம் நீட்டி, "இப்பதான் பார்த்த சேர்" என்றேன்.

"நீ பார்த்தது ஒங்கட கையில மல்லி" என்றார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. "இப்ப எண்ட கையில." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிதானமாகத் திறந்து, விரலை விட்டுத் தடவி, "வெறும்" என்றார்.

இன்னொன்று விரல். சுடுவது என்று முடிவெடுக்கும் வரை விசைக்குள் விரல் போகக் கூடாது. வெளியே, இரும்போடு நீளமாகக் கிடக்க வேண்டும். தேநீர்க் கடையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கும்போதுகூட அவருடைய கண் எங்கள் விரல்களில்தான் இருக்கும்.

மூன்றாவது, கூப்பிடுவது. அடையாளம் தெரியாத ஆள் வந்தால் மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை, நில், யார் என்று. இரண்டாம் தடவை, கையைத் தூக்கு என்று. மூன்றாம் தடவையும் பதில் இல்லையென்றால் சுட வேண்டும். சுடலாம் என்றல்ல, சுட வேண்டும் என்றுதான் கட்டளை. பின்னால் இருக்கும் சனங்களின் உயிருக்கு நீ பொறுப்பு என்பார்.

எங்கள் வேலை ஊருக்கு மேற்கே இருந்த வயல்களில். விவசாயிகள் காலையில் கூட்டமாகப் போவார்கள், கூட்டமாகத் திரும்புவார்கள். முன்னும் பின்னும் நாங்கள். அவர்கள் வேலை செய்யும்போது நாங்கள் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு கொக்கு எழும்பினாலும் நெஞ்சு அடிக்கும். துவக்கு இருந்தால் பயம் குறையும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்குக் கூடியது. வெறும் கையோடு நின்ற காலத்தில் ஓடுவது ஒன்றுதான் வழி. துவக்கு வந்த பிறகு ஓட முடியாது. யாரைச் சுடுவது, யாரை விடுவது என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. எங்களோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பங்கிட்ட தமிழ் வயல்காரர்கள் அங்கே இருந்தார்கள். வெற்றிலை மாறிக்கொண்டவர்கள். என் தோளில் துவக்கைக் கண்ட பிறகு அவர்கள் முகம் பார்க்காமல் கடந்து போனார்கள். எனக்கு அது மிகவும் வேதனையாக இருந்தது. கூப்பிட்டுக் கதைக்கலாம் என்றால், துவக்கு வைத்திருப்பவன் கூப்பிட்டால் யார்தான் நிம்மதியாக வருவார்கள்?

அந்தக் காலத்தில் நாங்கள் ஒன்று செய்தோம். வயலில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்வதை நிறுத்திவிட்டோம். தனியாகத் தொழுதாலும் பாங்கு சொல்லிவிட்டுத் தொழுவதுதான் எங்கள் பழக்கம். ஆனால் சத்தம் கேட்டால் நாங்கள் இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடும் என்று பயம். அதனால் ஒவ்வொருவரும் ஓசைப்படாமல் ஒதுங்கித் தொழுதுவிட்டு வந்தார்கள். அதைப் பாதுகாப்பு என்று நினைத்தோம்.

அது சூடடிக்கும் காலம். நெல் பிரிக்கும் களவெட்டியில் உழவு இயந்திரம் கதிரின்மேல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் நெல்லை ஏற்றிவிட வேண்டும் என்று பெண்களும் ஆண்களுமாக அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வாய்க்காலுக்குக் கிழக்கே. வாய்க்கால் கட்டின்மேல் நானும் என் கூட்டாளி உதுமாலெவ்வையும். மேற்கே யாரும் போகக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தோம். அங்கே யார் தெரிந்தாலும் அது வெளியாள்தான்.

சூரியன் அப்போதுதான் விழுந்திருந்தது. மேற்கு வானம் சிவந்து கிடந்தது. அதற்கு எதிரே, வாய்க்காலுக்கு அப்பால் ஒரு வரம்பில், போர்வை போர்த்திய ஓர் ஆள் நின்றான். கரிய உருவம் மட்டும்தான் தெரிந்தது. முகமா முதுகா என்று தெரியவில்லை. பக்கத்தில் நீளமாக ஏதோ ஒன்று. அவன் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே கொண்டுபோய் மீண்டும் நெஞ்சுக்கு இறக்கினான். தோளில் கிடந்த எதையோ கழற்றுகிறான் என்றுதான் எனக்குப் பட்டது.

"நில்! ஆரு?" என்று கத்தினேன். பதில் இல்லை. அசைவும் இல்லை.

"கையத் தூக்கு!" இரண்டாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். கையைத் தூக்குவதற்குப் பதிலாக அவன் குனிந்தான்.

"குனியிறான் காக்கா" என்றான் உதுமாலெவ்வை. "பொசிசன் எடுக்கிறான். கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு அடிங்க."

பின்னால் உழவு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. நான் பிழையாக முடிவெடுத்தால் அதில் எத்தனை பேர் வீட்டுக்குப் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த உருவம் நிமிர்ந்தது. பிறகு அப்படியே தரையில் விழுந்தது.

அடுத்தது மூன்றாவது கூப்பிடல். அதைக் கூப்பிட்டால் நான் சுட வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் கண் அவன் பக்கத்தில் இருந்த அந்த நீளமான பொருளில் நின்றது. ஆள் படுத்துவிட்டான், அது மட்டும் நட்டபடி நின்றது. துவக்கோடு வந்தவன் துவக்கை மண்ணில் குத்தி வைத்துவிட்டா படுப்பான்?

வெளியில் தொழுகிறவன், குறுக்கே யாரும் போகாதிருக்க, தனக்கு முன்னால், சற்று ஒரு பக்கமாக, ஒரு கம்பை நட்டுக்கொள்வான். அது வைக்கோல் கிளறும் கம்பு. ஆள் பார்த்து நின்றது மேற்கு, நாங்கள் தொழும் திசை. குனிந்தது ருகூஃ. விழுந்தது சுஜூது.

"தொழுறான்டா!" என்று கத்திக்கொண்டே உதுமாலெவ்வையின் துவக்கைக் கீழிருந்து தட்டினேன். தட்டவும் வெடிக்கவும் சரியாக இருந்தது. சன்னம் வானத்துக்குப் போனது. களவெட்டியில் பெண்கள் குழறிக் கத்தினார்கள். இயந்திரம் நின்றது. அந்த உருவம் சுஜூதிலிருந்து எழும்பவே இல்லை.

பட்டுவிட்டது என்றே நினைத்தேன். வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழும்பி ஓடினேன். மருதமுனையிலிருந்து சூடடிக்க வந்திருந்த ஆதம்பாவா. நெற்றி மண்ணில் கிடக்க, முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. களவெட்டிப் பக்கத்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்ததால், தொழுமுன் கைகால் கழுவி ஒழுச் செய்ய நல்ல தண்ணீர் தேடி மதகு வழியாக அப்பால் போயிருக்கிறார். இயந்திரச் சத்தத்தில் என் முதல் கூப்பாடு அவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது கேட்டது, ஆனால் தொழுகைக்கு நடுவில் இருந்தார். தொழுகிறவன் பேச முடியாது.

வெடி வெடித்தும் சுஜூதை விட்டு எழும்பாத, அவ்வளவு இறைநம்பிக்கை உள்ள மனிதர் என்று ஊர் முழுக்க அவருக்குப் பெயர் வந்துவிட்டது. பள்ளிவாசலில் முன் வரிசையில் இடம் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து என்னிடம் மட்டும் காதோடு சொன்னார்:

"காக்கா, ஈமானும் இல்ல ஒண்டும் இல்ல. எழும்பப் பார்த்தன். முழங்கால் வரல்ல."

அந்த ஆதம்பாவாவின் மகன்தான் என் மருமகன் அஸ்மீர். அன்றைக்கு அவர் பிறந்திருக்கவில்லை. சம்பந்தம் பேச வந்த நாளில் ஆதம்பாவா வாசலில் நின்றுகொண்டு, "மச்சான், துவக்க உள்ளுக்கு வச்சிட்டீங்களா, நான் வரட்டா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சம்பவத்துக்கு மறுநாள் காலை சார்ஜன்ட் வந்தார். உதுமாலெவ்வையின் துவக்கை வாங்கி, முறைப்படி திறந்து, தடவி, "வெறும்" என்று சொல்லி ஓரமாக வைத்தார். அவனைக் கொஞ்ச நாளைக்கு ஊருக்குள் காவலுக்கு மாற்றினார். திட்டவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மூணாவது ஏன் கூப்பிடல்ல?"

"கூப்பிட்டா சுடணும் சேர்."

அவர் காத்திருந்தார். குடையின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றவர், "எனக்கு ஒங்கட தொழுகை காட்டு" என்றார்.

பின்னேரம் அசர் தொழுகைக்கு நாங்கள் வரிசையாக நின்று தொழுதோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கமாக நெல் மூட்டையில் உட்கார்ந்து, கடைசி வரை அசையாமல் பார்த்தார். முடிந்ததும், கை தூக்குவது எப்போது, குனிந்து எவ்வளவு நேரம், எத்தனை தடவை விழுவது, தூரத்திலிருந்து பின்பக்கம் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, பாங்கு ஏன் சொல்வதில்லை என்றார். வெளியே சத்தம் கேட்டுவிடும் என்றோம்.

"டிரக்டர் சத்தம் கேட்காதா?" என்றார்.

ஊரையே எழுப்புகிற இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு, நாங்கள் பாங்கை மட்டும் விழுங்கியிருந்தோம். அன்றிலிருந்து வயலில் யார் தொழுதாலும், தனி ஆளாக இருந்தாலும், முதலில் உரத்துப் பாங்கு சொல்ல வேண்டும் என்றார். காவலில் நிற்பவன் "கேட்டிச்சு" என்று திருப்பிச் சத்தம் போட வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் கையைக் கட்டித் தொழத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு என் சேவைக்காலம் முடியும் வரை எங்கள் பகுதியில் அப்படியொரு வெடி வெடிக்கவில்லை.

ஆனால் அன்று மாலை திரும்பிப் போகுமுன் அவர் என்னைத் தனியாக அழைத்து இன்னொன்று கேட்டார்.

"மல்லி, அவன் குனியிறது. ஒனக்குத் தெரியும், அது தொழுகை. அதால சுடல்ல. நல்லம். நாளைக்கு அந்த எடத்துல நான். எண்ட செருப்பு சேத்துல போறது. நான் குனியிறது. அப்ப?"

வழக்கம்போலக் காத்திருந்தார். மாடு தேடி வந்த தமிழ் வயல்காரர் ஒருவர் அந்த வரம்பில் நின்று, கயிற்றை எடுக்கக் குனிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மூன்றாவது தடவை கூப்பிட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சார்ஜன்ட் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விதான் இத்தனை வருடமாக என்னோடு கிடக்கிறது. அஸ்மீரின் அலுமாரிக் கதவு கிறீச்சிடும்போது எனக்குக் கேட்பதும் அதுதான்.

சென்ற கிழமை யானை வருகிறது என்று அஸ்மீர் மாலையில் வயலுக்குப் புறப்பட்டார். ஆதம்பாவாவும் புறப்பட்டார். இப்போது அவருக்குக் காது மந்தம், நடை தள்ளாட்டம், ஆனாலும் வயலைப் பார்க்காமல் இருக்க மாட்டார். மனம் கேட்காமல் நானும் போனேன்.

காவல் குடிலான வாடியில் அஸ்மீர் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில். முதல் நாள் யானை வந்த இடத்தைக் காட்டினார், மோட்டார் இருக்கும் இடத்தைக் காட்டினார். கதைத்துக்கொண்டிருந்ததில் ஆதம்பாவா எழுந்து போனதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. சூரியன் விழுந்தது. வானம் சிவந்தது. மோட்டாருக்கு அப்பால், மேற்கு வரம்பில், போர்வை போர்த்திய ஒரு கரிய உருவம் ஏறி நின்றது.

அஸ்மீர் எழும்பினார்.

"மாமா, மோட்டாரடியில ஆரோ நிக்கிறான்."

நான் முதலில் பார்த்தது அவருடைய விரலை. அது உள்ளே இருந்தது. அன்றைக்குப் போலவே சத்தம் வரவில்லை. அவர் கையைப் பிடிக்க எழுந்தேன்.

அந்த நேரம் வரம்பிலிருந்து பாங்கு கிளம்பியது. கிழட்டுக் குரல், இடையிடையே இருமல். ஆனால் வயல்வெளி முழுக்கக் கேட்டது.

"வாப்பாவா!" அஸ்மீர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வாடிக்கு வெளியே போய் நின்று, என்னால் முடிந்த மட்டும், "கேட்டிச்சு!" என்று கத்தினேன். அது கேட்டதோ இல்லையோ, ஆதம்பாவா கையைக் கட்டினார்.

தொழுகை முடிந்து அவர் வந்து சேர்ந்ததும் அஸ்மீருக்குப் பயம் கோபமாக மாறியிருந்தது.

"சொல்லாம எங்க போன நீங்க? ஆளில்லாத இந்த வெட்டைக்குள்ள நிண்டு ஆருக்கு வாப்பா பாங்கு சொல்றீங்க?" காதருகில் போய்ச் சத்தமாகத்தான் கேட்டார்.

ஆதம்பாவா கம்பை வாடித் தூணில் சாய்த்துவிட்டு, போர்வையை உதறி மடித்தார்.

"ஒனக்குத்தான் மனே" என்றார். "துவக்கு ஒண்ட கையிலதானே இரிக்கி."

அஸ்மீர் உட்கார்ந்து, துவக்கைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். இருட்டு விழத் தொடங்கியிருந்தது. அப்போது தெற்கு வரம்பில் ஒரு குரல் கேட்டது. பக்கத்து வயல் கந்தையா அண்ணன். மாட்டைச் சாய்த்துக்கொண்டு நெடுநாளாக இந்த வழியால்தான் வீட்டுக்குப் போகிறவர். வாயே திறக்காத மனிதர்.

"அஸ்மீர் தம்பி! நான்தான்! கந்தையா! மாட்டோட வாறன்! நான்தான் தம்பி!"

கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் நடந்து, மறுபடியும் அதையே கூப்பிட்டார்.

"இந்தாள் ஏன் இப்பிடிச் சத்தம் போட்டுக்கிட்டு வாறாரு?" என்றார் அஸ்மீர். "முந்தி இப்பிடி இல்லியே."

"எப்ப இருந்து கூப்பிடுறாரு?" என்று கேட்டேன்.

அஸ்மீர் யோசித்தார். பிறகு மடியில் திறந்து கிடந்த துவக்கைப் பார்த்தார்.

கந்தையா அண்ணன் அந்த இருட்டில் எங்கள் பதிலுக்காகக் காத்து நின்றார். மாட்டின் மணிச் சத்தமும் நின்றுவிட்டது. நான் வரம்புக்கு ஓடிப்போய், இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன்.

"கேட்டிச்சு அண்ணன்! கேட்டிச்சு! வாங்க!"